அறுபது எண்ணிவிட்டுத் திற

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்பது இந்த ஏழு மாதத்தில் எனக்கு உறைத்துவிட்டது. அடித்து அடித்து அந்த மணிக்கே அலுத்துப்போயிருக்கும். கடிதம் அப்படியில்லை, கதவிடுக்கு வழியே தானாக உள்ளே வந்து விழும். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே. உன் பழைய ரூம்காரனை வாசலில் மறித்து அரை மணி நேரம் நின்று பிடுங்கினேன்.

பயப்படாதே, அழுவதற்காக எழுதவில்லை. வீட்டு வாஷிங் மெஷின் படுத்துவிட்டது. நீயே குழாய் மாட்டி, நீயே மட்டம் பார்த்து வைத்துவிட்டுப் போன அதே மெஷின்தான். நாலு நாளாகத் துவைத்து முடிக்கிற நேரம் பார்த்து நின்றுவிடுகிறது. உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கிறது, துணி மிதக்கிறது, முகப்பில் இ-2 என்று எரிகிறது. கூடவே பீப் பீப் என்று ஒரே கூப்பாடு. உன் மாமா வழக்கம்போல அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரே ரிப்பேர் அதுதான். பிறகு பிளக்கைப் பிடுங்கி மாட்டினார். எழுத்து போய்விட்டது. "பாத்தியா, சரியாயிடுச்சு" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இருபது நிமிடத்தில் மறுபடியும் இ-2.

மெஷினோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். சின்னவள் அதில் படம் வரைந்து பழகியிருக்கிறாள். எரர் பட்டியல் இருக்க வேண்டிய பக்கம் முழுக்க ஒரு யானை நிற்கிறது.

ஆஸ்பத்திரி சலவை அறையில் வேலை வழக்கம்போல ஓடுகிறது. துணி மடிக்கிற நம் சுருட்டை இன்னும் வேலைக்கு வரவில்லை. இ-2 என்றால் என்ன என்று மட்டும் எழுது. வேறெதுவும் எழுத மனமில்லை என்றால் வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 8

அக்காவுக்கு,

இ-2 என்றால் தண்ணீர் வெளியே போகவில்லை என்று அர்த்தம். எல்லாக் கம்பெனி மெஷினிலும் அப்படியில்லை, உன் மெஷினில் அப்படி. பிளக்கைப் பிடுங்கினால் எழுத்துதான் போகும், தண்ணீர் போகாது. மாமாவிடம் சொல்.

முதலில் பின்பக்கக் குழாய் சுவரில் நசுங்கியிருக்கிறதா பார். இல்லையென்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் கீழே வலது மூலையில் கையகலத்துக்கு ஒரு மூடி இருக்கும், அதைத் திற. அடியில் ஒரு தட்டும் பழைய துண்டும் வை. உள்ளே இருக்கும் வடிகட்டியை மெல்லத் திருகு. கொஞ்சம் தண்ணீர் வரும், நிறுத்து, தட்டைக் கொட்டு, மறுபடியும் திருகு. ஒரேயடியாகத் திறந்தால் சமையலறை வரை வெள்ளம்தான். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறவிட்டுத் திற. கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால் சின்னக் காற்றாடி ஒன்று தெரியும். குச்சியால் தள்ளிப் பார். அது சுற்றினால் அதில் எதுவும் சிக்கவில்லை.

இதற்கு மேல் ஏதாவது என்றால் பக்கத்தில் யாரையாவது கூப்பிடு. நான் இப்போது வாஷிங் மெஷின் வேலை பார்ப்பதில்லை. ஃபேன், மிக்சி, இஸ்திரிப் பெட்டி மட்டும்தான். கடைக்காரர் ஏன் என்று கேட்டார். முதுகுவலி என்றேன்.

சுருட்டையக்கா இன்னும் வரவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறாய். கை என்ன ஆயிற்று? அதை எழுது.

தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

இ-2 போயே போய்விட்டது. வடிகட்டிக்குள் என்னென்ன இருந்தது தெரியுமா? சின்னவளின் ஹேர்பின், சட்டைப் பொத்தான் இரண்டு, உன் மாமா வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடிய சூட்கேஸ் சாவி. நான்தான் தொலைத்தேன் என்று மூன்று மாதமாக என் தலையை உருட்டிக்கொண்டிருந்தார். தேநீர் டம்ளரோடு சேர்த்துச் சாவியையும் நீட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேநீரோடு வாசலுக்குப் போய்விட்டார்.

சுருட்டையைப் பற்றிக் கேட்டாய். எலும்பு கூடிவிட்டது, கை கூடவில்லை. முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் தகடு வைத்திருக்கிறார்கள். விரல் மடங்கவில்லை. வலது கை. இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறாளாம். மகள்தான் தலை வாரிவிடுகிறாள், அந்தச் சுருட்டை முடி யார் கைக்கு அடங்கும். இதெல்லாம் வார்டு நர்ஸ் சொல்லித் தெரியும். நான் போய்ப் பார்க்கவில்லை.

மார்ச் பத்தாம் தேதி விசாரணை. நிர்வாகத்தில் மூன்று பேர் உட்காருகிறார்கள். டிரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இவள் கதவைப் பலவந்தமாக இழுத்துத் திறந்து கையை விட்டாள், தப்பு இவளுடையது என்று முடிக்கப்போவதாகப் பேச்சு. அப்படி முடிந்தால் வேலையும் போகும், ஆஸ்பத்திரி அவள் கைக்கு வைத்தியம் பார்ப்பதும் நின்றுவிடும். கதவுப் பூட்டைச் சோதித்துப் பார்த்தார்களாம். நன்றாக வேலை செய்கிறதாம்.

சரி, அதை விடு. இப்போது வீட்டில் புதுக் கூத்து. பிழியும்போது மெஷின் குதித்துக் குதித்து ஒரு சாண் முன்னால் வந்து நிற்கிறது. இ-4 என்று எரிகிறது. ஏதாவது உடைந்துவிட்டதா?

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

ஒன்றும் உடையவில்லை. கனமான போர்வை ஒன்றைத் தனியாகப் போட்டிருப்பாய். அது ஈரத்தை வாங்கி ஒரே பக்கம் ஒட்டிக்கொள்ளும், டிரம் தடுமாறும். மெஷின் அதைத்தான் இ-4 என்று சொல்கிறது. இரண்டு துண்டு சேர்த்துப் போடு. நாலு காலும் தரையில் பதிந்திருக்கிறதா என்று மூலையில் அழுத்திப் பார்.

அதை விடு என்று எழுதியிருக்கிறாய். எப்படி விடுவது? உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் நாம் இருவரும் ஒருமுறைகூட இதை முழுதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

ஜூன் மாதம் நீ என்னைக் கூப்பிட்டாய். சலவை அறைப் பெரிய மெஷினில் இ-3. கதவு பூட்டவில்லை என்று அர்த்தம். உள்ளே பூட்டின் கொக்கி உடைந்திருந்தது. புதுப் பூட்டு வர ஒரு வாரம் ஆகும் என்றேன். "மேல வார்டுல போர்வை இல்லாம கெடக்கறாங்கடா. எப்படியாவது அந்த எழுத்து வராமப் பண்ணு" என்றாய். விரல் நீளத்துக்கு நீல வயர் ஒன்றை வெட்டி, பூட்டுக்குப் போகிற இரண்டு முனையையும் சேர்த்துவிட்டேன். கதவு பூட்டாமலே பூட்டிவிட்டதாக மெஷின் நம்பிக்கொண்டது. எழுத்து போயிற்று. நீ எனக்குத் தேநீர் வாங்கித் தந்தாய்.

ஒரு வாரத்தில் புதுப் பூட்டு வந்துவிட்டது அக்கா. மூன்று வாரம் என் பையிலேயே கிடந்தது. எழுத்து வரவில்லை, அதனால் நமக்கு நினைப்பும் வரவில்லை. நீ கேட்கவில்லை, நான் வரவில்லை.

அந்தப் பெரிய மெஷினில் பீப் அடித்த பிறகும் டிரம் ஓய ஒரு நிமிடம் ஆகும். அதுவரை கதவைப் பிடித்து வைக்கத்தான் பூட்டு. சுருட்டையக்கா பீப் கேட்டாள், கதவைத் திறந்தாள். அது திறந்துகொண்டது. அவள் எதையும் பலவந்தமாக இழுக்கவில்லை.

நீ போன் செய்ததும் ஓடி வந்து, யாரும் பார்க்கும் முன் வயரைப் பிடுங்கிப் புதுப் பூட்டை மாட்டினேன். அது பளபளவென்று இருந்தது. மெஷின் அடியிலிருந்த பஞ்சையும் அழுக்கையும் எடுத்துப் பூட்டின் மேல் தேய்த்துப் பழசாக்கினேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வயர் போட்டது அவசரத்தில் செய்தது. அழுக்குத் தேய்த்தது யோசித்துச் செய்தது.

அன்றே சொல்லிவிடலாம் என்றேன். "சொன்னா எனக்குத் தம்பியே இல்ல" என்றாய். ஊரை விட்டு வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், நிர்வாகத்துக்கு எழுதப்போகிறேன்.

தம்பி


பிப்ரவரி 21

எழுதாதே.

நீ எழுதினால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும். அந்த அறைக்குப் பொறுப்பு நான். "உங்களுக்குத் தெரியாமயா வயர் போட்டான்?" என்பார்கள். நான் என்ன சொல்வது? தெரியாது என்றால் நீ மட்டும் மாட்டுவாய். தெரியும் என்றால் என் வேலை போகும். பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். உன் மாமாவுக்கு இது எதுவுமே தெரியாது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறாயா?

நீ தனி ஆள். எங்கே வேண்டுமானாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவாய். போனாயே! நான்தான் தினமும் அந்த மெஷின் முன்னால் நிற்கிறேன். மனசாட்சி உனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதே.

இ-4 போய்விட்டது. நன்றி.

அக்கா


பிப்ரவரி 25

அக்காவுக்கு,

நேற்றுக் கடைக்கு ஒருவர் இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்தார். "சூடானா அதுவா அணைஞ்சுடுது, ஒரே தொல்லை. அந்தச் சமாச்சாரத்த மட்டும் எடுத்துடுங்க" என்றார். அது அணையாவிட்டால் வீடு பற்றும் என்றேன். "நாங்க பக்கத்துலயே நிப்போம்ல" என்று சிரித்தார். முடியாது என்று திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் பார்த்த பார்வையில், எனக்கு முதுகுவலி இல்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கும்.

நான் உனக்குத் தெரியாமல் எழுத மாட்டேன். நீ சொல்வது சரிதான், ஊரை விட்டு ஓடியவன் நான்.

இந்தக் கவரில் ஒரு நீல வயர் இருக்கிறது. அன்று பிடுங்கியதை நான் எறியவில்லை. டூல் பெட்டியின் அடித்தட்டில் எட்டு மாதமாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை ஸ்குரூ டிரைவரை எடுக்கும்போதும் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. இனி நீ வைத்திரு. குப்பையில் போடுவதென்றால் போடு.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

உன் கவர் வந்த அன்று மாலை நம் வீட்டு மெஷினில் இ-3 வந்தது.

நான் விளையாடவில்லை. கதவைச் சாத்தினால் கிளிக் என்று சத்தம் வர வேண்டாமா, வரவில்லை. உன் மாமா கடைத்தெருவிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனிதர், செருப்பைக்கூட வெளியே ஒழுங்காக ஓரமாக விட்டுவிட்டு வந்தார். திறந்து பார்த்தார். "பூட்டு போயிடுச்சும்மா. புதுசு வர நாளாகும். அதுவரைக்கும் ரெண்டு வயரச் சேத்து விட்டுடறேன், அஞ்சு நிமிஷ வேல" என்றார். உன் மாமா "தாராளமா" என்றார். சின்னவள் அந்தக் கண்ணாடிக் கதவில் கன்னத்தை ஒட்டி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அந்த மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியே போனார். உன் மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உனக்குத் தெரியாத ஒன்று.

நீ வயர் போட்டுவிட்டுப் போன மறுநாளே நான் கவனித்தேன், பீப் அடித்த பிறகும் டிரம் சுற்றுகிறது, கதவோ திறக்கிறது. அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பீப் அடித்ததும் வாய்விட்டு அறுபது எண்ண வேண்டும், பிறகுதான் கதவில் கை வைக்க வேண்டும். என்னோடு வேலை செய்கிற மற்ற இருவரிடமும் சொன்னேன். அவர்களும் தவறாமல் எண்ணினார்கள். பாட்டுப் போல எண்ணுவார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சுருட்டைக்குச் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுத எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? மறக்கவில்லை. அந்த வாரம் நான் அவளோடு பேசவில்லை. மேல் வார்டுக்குப் போர்வை அனுப்பியதில் நான் நாற்பது என்று எழுதியிருந்தேன். அவள் எல்லார் முன்னாலும் எண்ணிக் காட்டி, "முப்பத்தொம்போதுதான்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் துணி மடிக்கிற மேசைக்காரி, மெஷின் பக்கம் வருவதில்லை, அப்படி வந்தால் மற்றவர்கள் சொல்லிக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். அவர்களோ நான் சொல்லியிருப்பேன் என்று இருந்துவிட்டார்கள். பிறகு பேச்சு வார்த்தை சரியானது, சேர்ந்து சாப்பிட்டோம், சிரித்தோம். இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை, இப்போது சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பாளே என்று. ஜூலையில் யாருக்கு எந்த வேலை என்ற முறையை மாற்றி எழுதினேன். அவளை மெஷினுக்குப் போட்டதும் என் கைதான்.

நீ உன் வயரைக் கட்டிக்கொண்டு அழுகிறாய். உன் வயரால் மற்ற யாருக்கும் எதுவும் ஆகவில்லையே தம்பி. எண்ணத் தெரிந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை.

பத்தாம் தேதி நான் சொல்லிவிடுகிறேன். உன் வயர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். உன் மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. நான் பூட்டை மாட்ட வந்திருந்தால் நீ எண்ணவே வேண்டியிருந்திருக்காது என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது. ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொள்கிற விஷயமில்லை இது.

ஒன்றே ஒன்று. விசாரணைக்கு முன்னாலேயே சுருட்டையக்கா வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லிவிடு. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருக்க, அவள் இதை அங்கே முதல் தடவையாகக் கேட்கக் கூடாது.

வீட்டு மெஷினுக்குப் புதுப் பூட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன். பத்தாம் தேதி அங்கே இருப்பேன்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

நேற்று உன்னை முதலில் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, பக்கத்துக் கதவு வழியாகவே அனுப்பிவிட்டார்கள். நான் வெளியே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. காவலாளி ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். "உங்க தம்பி ரொம்ப நேரம் நின்னு பாத்தாரு. கடைசி பஸ்ஸுன்னு இப்பதான் ஓடுனாரு" என்றார். உள்ளே புதுப் பூட்டு, அதை எப்படி மாட்ட வேண்டும் என்று நீ எழுதிய தாள். எட்டு மாதம் கழித்து உன் முகத்தைத் தாழ்வாரத்தில் ஒரு நிமிடம் பார்த்ததோடு சரி. இளைத்துவிட்டாய்.

நான் வயரை மேசையில் வைத்தேன். கண்ணாடி போட்டவர் அதைப் பேனா முனையால் தள்ளிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான் என்றேன். பிறகு மற்ற இருவரையும் கூப்பிட்டார்கள். அறுபது எண்ணியதை அவர்களும் சொல்லிவிட்டார்கள். சுருட்டை மேல் தப்பில்லை என்று எழுதியாயிற்று. அவள் வேலை அவளுக்கு இருக்கும், கைக்கு வைத்தியமும் நடக்கும். என்னை இன்றிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். உன் பெயரை இனி எந்த ஆஸ்பத்திரி வேலைக்கும் சேர்க்க மாட்டார்களாம், உன்னிடமே சொல்லியிருப்பார்கள். உன் மாமா பத்து நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் இன்று காலை உன் தாளைப் பார்த்துப் பார்த்து அவரே பூட்டை மாட்டினார். கிளிக் என்று கேட்டது. தலையில் தட்டவில்லை.

நீ சொன்னபடி எட்டாம் தேதி மதியம் சுருட்டை வீட்டுக்குப் போனேன். இடது கையால் கதவைத் திறந்தாள். உள்ளே நாற்காலியில் துணி மடித்து வைத்திருந்தாள். ஒற்றைக் கையால் மடித்தது, எல்லாம் கோணல் மாணல். இந்த ஆஸ்பத்திரியிலேயே அவள் மடிப்புதான் நேராக இருக்கும், உனக்கும் தெரியும். அதைப் பார்த்ததும் பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. கடைசி வரை கேட்டாள்.

"நான் கதவப் புடிச்சு இழுத்தேன்னு அவங்க சொன்னப்ப நானே நம்பிட்டேன், தெரியுமா? நமக்கே தெரியாம இழுத்துட்டோம் போலன்னு எட்டு மாசமா இந்தக் கையத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தலையசைத்து நிறுத்திவிட்டாள். பிறகு கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரி கேட்டாள்:

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பேனே. எனக்கு அறுபது வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

முப்பத்தொன்பதை முப்பத்தொன்பது என்று எண்ணிச் சொன்னவள் அவள், தம்பி.

அக்கா